தாய் தகப்பன் இல்லாத ஏலக்காய்கள்

என் சட்டைப் பையில் ஒரு கைப்பிடி ஏலக்காய் இருந்தது. நல்ல கொழுத்த பச்சைக் காய்கள். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறவனைப் போல நடித்துக்கொண்டு, அவற்றைப் பள்ளிக்கூடத்து அருகம்புல்லில் உதிர்த்தேன்.

எழுபது வயதைத் தாண்டியவன், ஆயுசு முழுக்க விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன், பட்டப்பகலில் பிள்ளைகள் நடுவே செய்கிற காரியமா இது? செய்தேன். இத்தொடரில் இதுவரை என் சாமர்த்தியங்களைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் அது இல்லை.

நடந்து அதிக நாள் ஆகவில்லை. பொங்கல் கழிந்து, வெயில் மெதுவாக ஏறத் தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தில் பரீட்சைக் களை வந்துவிட்ட நேரம்.

தாத்தா சார்

போடியில் நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில், உயிரியல் ஆசிரியை பேறுகால விடுப்பில் போய்விட்டார். பரிணாமப் பாடம் பாதியில் நின்றது. தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து, "சார், அந்தப் பாடத்தை மட்டும் முடிச்சு, ரிவிஷனும் பாத்துக் குடுத்துட்டீங்கன்னா போதும்" என்றார்.

ஓய்வு பெற்றவனிடம் யாராவது வந்து 'நீங்கள்தான் வேண்டும்' என்றால் அவன் என்ன செய்வான்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டேன்.

பிள்ளைகள் எனக்கு இரண்டாம் நாளே 'தாத்தா சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வகுப்பில் இருவரை உங்களுக்குத் தெரிந்தால் போதும். ஒருவன் பாண்டி. பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து பஸ்சில் வருகிறவன். தாமதமாக வரும்போதெல்லாம், "தோட்டத்துல யானை வந்துருச்சு சார்" என்பான். அதில் பாதி நாள் உண்மை. எந்தப் பாதி என்பதுதான் தெரியாது.

இன்னொருத்தி மாரீஸ்வரி. முதல் பெஞ்சு. அவளுடைய அம்மா பேச்சியம்மாள், ஊருக்குள் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கி ஒன்றில் வேலை. அங்கே வேலை இல்லாத நாட்களில் ஜீப்பில் மலைக்குப் போய்க் காய் எடுப்பார். மாரீஸ்வரிக்கு நர்சிங் படிக்க வேண்டும். அதற்கு உயிரியலில் நல்ல மார்க் வேண்டும். இதை அவள் என்னிடம் முதல் நாளே, ஏதோ கடையில் சாமான் கேட்பதுபோல, நேராகச் சொன்னாள்: "பரிணாமம் மட்டும்தான் சார் எனக்கு இடிக்குது. அதை முடிச்சுக் குடுத்துருங்க."

மெட்டுக் குரங்குகள்

இந்தப் பாடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. எந்த ஆண்டு நடத்தினாலும் ஒரே கேள்வி வரும்.

"குரங்குல இருந்து மனுசன் வந்தான்னா, போடிமெட்டுல இருக்கிற குரங்கெல்லாம் ஏன் சார் இன்னும் குரங்காவே இருக்கு?"

அதற்கு நான் ஆண்டுதோறும் பொறுமையாகப் பதில் சொல்வேன். குரங்கிலிருந்து வரவில்லையப்பா, குரங்குக்கும் நமக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது, அதாவது குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி என்று. பங்காளி என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிடும். நம் பக்கத்தில் பங்காளிகள் எப்படிப் பிரிந்து போவார்கள் என்று பாடப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த முறை நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டி சொல்லிவிட்டான். "அதுகளுக்குப் பப்ளிக் எக்ஸாம் இல்லடா. எதுக்கு மாறணும்?"

நான் மதுரையில் கல்லூரியில் படித்தபோது, எங்கள் பேராசிரியர் இயற்கைத் தேர்வை விளக்க, புகை படிந்த மரங்களில் ஒட்டிக்கொள்ளும் கருப்பு அந்துப்பூச்சிகளைச் சொல்வார். எந்தத் தேசத்து மரமோ, எந்த ஆலைப் புகையோ. நாங்கள் அதை அப்படியே உருப்போட்டு எழுதினோம். நானும் ஆசிரியராகி அதே பூச்சிகளைப் பல தலைமுறைப் பிள்ளைகளின் தலையில் பறக்கவிட்டேன். ஒரு பிள்ளையும் அந்தப் பூச்சியைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

இந்த முறைதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. போடியில் உட்கார்ந்துகொண்டு பூச்சி எதற்கு? ஏலக்காய் போதுமே.

பறவைகள் கண்ட பச்சை

விளையாட்டு இதுதான். பசும்புல்லில் பச்சை ஏலக்காயும் வெளுத்த ஏலக்காயும் சம அளவில் தூவுவது. பிள்ளைகள்தான் பறவைகள். விசில் ஊதியதும் இரண்டு விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும், மறு விசிலுக்கு நிறுத்த வேண்டும். பொறுக்கியதெல்லாம் பறவை தின்றதாகக் கணக்கு. மிஞ்சிய ஒவ்வொரு காய்க்கும், அதே நிறத்தில் ஒரு குட்டி பக்கத்தில் வைக்கப்படும். அது அடுத்த தலைமுறை.

புல்லுக்குள் பச்சைக் காய் கண்ணில் படாது. வெளுத்தது பளிச்சென்று தெரியும். ஆகவே வெளுத்தது தின்னப்படும், பச்சை பெருகும். மூன்று தலைமுறையில் புல்வெளியே பச்சைக் காயாக ஆகிவிடும். காகிதத்தில் இது மிக அழகாக இருந்தது. அந்த அழகில் மயங்கி, தலைமையாசிரியையிடம் சொல்ல, அவரும் மயங்கி, பக்கத்துப் பள்ளி உயிரியல் ஆசிரியர்கள் சிலரை மாதிரி வகுப்பு பார்க்க அழைத்துவிட்டார். வேப்பமரத்தடியில் அவர்களுக்கு நாற்காலி.

குட்டி வைக்கும் பொறுப்பு மாரீஸ்வரிக்கு. ஒரு பையில் பச்சை, ஒரு பையில் வெளுத்தது.

"நர்சம்மா, இன்னைக்கு எத்தனை பிரசவம்?" என்றான் பாண்டி.

"ஒன்ன மாதிரி பொறக்காம இருந்தாச் சரி," என்றாள் அவள்.

விசில் ஊதினேன். பறவைகள் குனிந்தன. மறு விசில் ஊதினேன். புல்லைப் பார்த்தேன்.

பச்சை அநேகமாக ஒன்றுமில்லை. வெளுத்த காய்கள் மட்டும் தீண்டுவாரின்றிக் கிடந்தன.

எனக்கு விளங்கவில்லை. பொறுக்கியவர்களை அருகே கூப்பிட்டு, வேப்பமரத்தடிக்குக் கேட்காத குரலில், கைகளை விரிக்கச் சொன்னேன். எல்லாக் கையிலும் தேர்ந்தெடுத்த கொழுங்காய். பாண்டியின் கை மட்டும் காலி.

"ஒன்னோடது எங்கடா?"

"பறவைன்னு சொன்னீங்களே சார். தின்னுட்டேன்."

"ஏன்டா எல்லாரும் பச்சையவே பொறுக்குனீங்க? வெளுத்தது கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுச்சு சார்," என்றாள் ஒரு பெண். "ஆனா அது சொத்தைக் காய்ல? அதை யாரு எடுப்பா?"

இந்த ஊர்ப் பிள்ளைகள் தவழுகிற வயதிலேயே ஏலக்காய் முறத்துக்குப் பக்கத்தில் தவழ்ந்தவர்கள். லீவு நாளில் அம்மாவோடு உட்கார்ந்து காய் பார்த்தவர்கள். பச்சையைக் கண்டால் விரல் தானாகப் போகும். இதை யோசிக்காமல் விட்டது நான்தான். உண்மையில் அன்று புல்லில் கிடந்தது பாடப் புத்தகத்தை விட நல்ல பாடம். எது தப்பிப் பிழைக்கும் என்பது புல்லின் நிறத்தை மட்டும் பொறுத்ததில்லை, பொறுக்க வருகிற கண்ணையும் பொறுத்தது. அந்த இடத்தில் அதைச் சொல்லியிருந்தால், வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்கள்.

எனக்கு அது அப்போது தோன்றவில்லை. என் மாதிரி வகுப்பு போகிறதே என்று மட்டும் தோன்றியது. மாரீஸ்வரி பையைப் படியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். பச்சைப் பைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் செருப்பு வார்.

மடி

மாரீஸ்வரி வந்து குட்டிகளை வைக்கக் குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"சார், மொத ரவுண்டுல பச்சை ரெண்டு மூணுதான் மிஞ்சுச்சு. இப்ப இவ்ளோ கெடக்கே. இதுக்கெல்லாம் தாய் தகப்பன் யாரு?"

வகுப்பு சிரித்தது. வேப்பமரத்தடியும் சிரித்தது. பரிணாமம் நடத்த வந்தவன் ஒரு நிமிடத்தில் படைப்புத் தொழிலுக்கு மாறியிருந்தேன். படைத்தவன் முன்னால் நின்று ஒருத்தி கணக்குக் கேட்கிறாள்.

அவள் பையைத் தூக்கிப் பார்த்தாள். "பையிலயும் பாதிதான் இருக்கு சார்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. 'நான்தான் எடுத்தேன்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வந்திருந்த ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேடிக்கையாக ஒன்று சொல்லிச் சமாளிக்கத் தோன்றியது. சொன்னேன்.

"பை ஒங்கிட்டதான இருந்துச்சு? எங்க, மடியை உதறு பாப்போம்."

வந்திருந்தவர்களில் வெளியூர்க்காரரான ஓர் ஆசிரியர் சிரித்தார். பிள்ளைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மாரீஸ்வரி துப்பட்டாவைக் கழற்றினாள். இரண்டு முனையையும் பிடித்து, எல்லோருக்கும் தெரியும்படி, ஒருமுறை உதறினாள். மறுபடி போட்டுக்கொண்டாள். இரண்டு பைகளையும் என் காலடியில் வைத்துவிட்டு, வகுப்பறைக்குப் போய்ப் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டிப் போனாள்.

நான் மூன்றாம் தலைமுறையையும் நடத்தி முடித்தேன். அதன்பிறகு ஒரு பிள்ளையும் பச்சைக் காயைத் தொடவில்லை; பச்சை பெருகியது. வேப்பமரத்தடியில் கை தட்டினார்கள்.

எச்ச உறுப்பு

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சில கிட்டங்கிகளில் சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வரும்போது, முந்தானையையும் மடியையும் உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். திருடி என்று யாரும் யாரையும் சொல்வதில்லை. உதறச் சொல்வார்கள், உதறுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். அதைப் பற்றி வீட்டில் பேசவும் மாட்டார்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும்? நாங்கள் மலையடிவாரத்தில் தோப்பும் துரவுமாக இருந்த குடும்பம். என் பெரியப்பாவுக்கு ஒரு கிட்டங்கி இருந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெற்றிலை மென்றபடி, "ம், மடியை உதறு" என்று சொல்வார். பள்ளி விட்டு வந்து அவர் பக்கத்தில் நின்று நான் முறுக்குத் தின்பேன்.

மனித உடம்பில் எச்ச உறுப்புகள் என்று சில உண்டு. குடல்வால் மாதிரி. இப்போது அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனாலும் உள்ளே கிடக்கும். ஒருநாள் சீழ் பிடித்த பிறகுதான் இருப்பதே தெரியும். இதை நான் எத்தனையோ வகுப்பில் நடத்தியிருக்கிறேன். என் பெரியப்பாவின் கிட்டங்கி எப்போதோ கைமாறிவிட்டது. அந்தச் சொல் மட்டும் எனக்குள் கிடந்திருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். பையின் மூலையில் இரண்டு காய் ஒட்டிக்கொண்டிருந்தது. துவைத்தும் அந்த வாசம் போகவில்லை. பாயசம் வைத்த வீடுபோல என் அலமாரி மணத்தது.

மறுநாள் மாரீஸ்வரி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பாண்டியை நிறுத்திக் கேட்டேன்.

"அவ மலைக்குப் போறா சார். காய் எடுக்க."

"பரீட்சைக்கு?"

"வர மாட்டேன்றா. ஹால் டிக்கெட்டும் வாங்கல." அவன் கொஞ்சம் நின்று, "படிச்ச எடத்துலயும் உதறணும்னா, அங்கயே உதறிக்கிறேன், கூலியாச்சும் வரும்னு சொன்னா சார்" என்றான். யானைக் கதை சொல்லும் குரலில் அவன் இதைச் சொல்லவில்லை.

பின் சீட்டு

விடியற்காலையில் மலைக்குப் போகும் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஒரு ஜீப்பில் பின்பக்கம் பேச்சியம்மாளும் மாரீஸ்வரியும் இருந்தார்கள். தலையில் துண்டு, மடியில் தூக்குச் சட்டி.

"சாரு, முன்னாடி வாங்க. பின்னாடி நெருக்கும்," என்றார் டிரைவர்.

"இருக்கட்டும்ப்பா. எனக்குப் பின்னாடிதான் சோலி."

நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒரு அம்மாள் தன் முழங்காலை ஒதுக்கி எனக்கு இடம் கொடுத்தார். "காய் எடுக்க வாரீகளா சாரு? நாள் முழுக்கக் குனியணுமே, முடியுமா?"

"போன வாரம் ஒரு தடவ குனிஞ்சேன்மா. அதுக்குத்தான் இப்ப வந்திருக்கேன்."

ஜீப்பு மலை ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நாங்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தோம், மொத்தமாக மறுபக்கம் சாய்ந்தோம். அந்தச் சாய்வுகளுக்கு நடுவே சொன்னேன். பையிலிருந்த காயை எடுத்தவன் நான். புல்லில் போட்டவன் நான். அவள் கேட்டது சரியான கேள்வி. பதில் என் சட்டைப் பையில் இருந்தது.

இடம் கொடுத்த அம்மாள்தான் கேட்டார். "ஒரு பிடி காயா? எதுக்கு சாரு?"

"பாடம் சரியா வரணும்னு."

"வந்துச்சா?"

"வரல."

"அப்ப காயும் போச்சு, பாடமும் போச்சு," என்றார் அவர். யாரோ துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த வளைவில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மாரீஸ்வரி சிரிக்கவில்லை. பின்னால் கீழே போய்க்கொண்டிருந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பேச்சியம்மாளைப் பார்த்து, "பரீட்சைக்கு மட்டும் அனுப்பி வைங்கம்மா. நான் சொன்னது தப்பு" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன சாரு. உதறுனது அவ."

போடிமெட்டில் சாயாக் கடை முன்னால் ஜீப்பு நின்றது. குளிர் காதைக் கடித்தது. நான் இறங்கினேன். மாரீஸ்வரி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"இங்க இருக்கிற எல்லாருக்கும் நான் எடுக்கலன்னு தெரியும் சார். தெரியாதவங்க அங்க இருக்காங்க."

ஜீப்பு போய்விட்டது. கீழே இறங்குகிற பஸ்சுக்காக நின்றேன். ஒரு குரங்கு, நம் பங்காளிதான், என் கையில் தின்ன ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லை என்றதும் மரியாதையில்லாமல் போனது.

ஒரு திருத்தம்

அன்று வந்திருந்த ஆசிரியர்களை மறுபடி கூட்டி உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன்; தலைமையாசிரியை தயங்கினார். "பரீட்சை நேரம் சார். எல்லாரும் மறந்திருப்பாங்க."

"மறக்காதவ ஒருத்தி இருக்காம்மா."

அவர் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்குப் போன் செய்தார். அன்றைய மாதிரி வகுப்பில் ஒரு சிறு திருத்தம் இருப்பதாகச் சொன்னார். புதிதாக ஏதோ விளையாட்டு என்று எண்ணி எல்லோரும் சந்தோஷமாக வந்தார்கள். அதே வேப்பமரம். அதே நாற்காலிகள். பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். மாரீஸ்வரி இல்லை.

நான் நின்று சொன்னேன். அன்று நீங்கள் பார்த்த பச்சைக் காய்கள் இயற்கைத் தேர்வில் பெருகியவை அல்ல. என் சட்டைப் பையிலிருந்து விழுந்தவை. அதைக் கண்டுபிடித்துக் கேட்ட பெண்ணை, வாய் கூசாமல் மடியை உதறச் சொன்னேன். அவள் எதையும் எடுக்கவில்லை. எடுத்தவன் நான்.

பிறகு, அன்று சிரித்த அந்த வெளியூர் ஆசிரியர் மெல்ல எழுந்தார்.

"சார், நான் இதை எங்க பள்ளிக்கூடத்துல செஞ்சு பாத்தேன். பச்சையெல்லாம் போயிருச்சு, வெளுத்ததுதான் மிஞ்சுச்சு. பசங்க ஏமாத்துறாங்கன்னு வெயில்ல நிக்க வெச்சுட்டேனே சார்."

என் பொய்யும் அதற்குள் குட்டி போட்டிருந்தது.

"போயி அந்தப் பிள்ளைகள்ட்டச் சொல்லிருங்க," என்றேன். "போடிப் பக்கத்துப் பறவை தரம் பாத்துத்தான் தின்னும்."

பாண்டி எழுந்தான். "சார், இப்ப ஒழுங்கா வெளையாடலாமா? நான் இன்னைக்குத் திங்க மாட்டேன்."

விளையாடினோம். மூன்று தலைமுறையில் புல்வெளி முழுக்க வெளுத்த காய். ஏன் என்று பிள்ளைகளே வந்திருந்த ஆசிரியர்களுக்கு விளக்கினார்கள். நான் ஓரமாக நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், எல்லோரும் பார்க்கும்படி.

திங்கட்கிழமை

அடுத்த திங்கட்கிழமை கடைசி ரிவிஷன். மணி அடித்து, நான் பாதிப் பாடத்தில் இருக்கும்போது வாசலில் மாரீஸ்வரி நின்றாள். விரல் நுனியெல்லாம் காய் எடுத்த கறை. கையில் ஹால் டிக்கெட். தலையசைத்தேன். முதல் பெஞ்சில் அவள் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. போய் உட்கார்ந்தாள்.

கேள்வி கேட்கும் நேரம். "இயற்கைத் தேர்வுன்னா என்ன? யாராவது சொல்லுங்க."

அவள் எழுந்தாள். வேறுபாடுகள், போராட்டம், தப்பிப் பிழைத்தல், அடுத்த தலைமுறை. ஒரு வரி பிசகாமல் சொன்னாள். நானாக இருந்தால் முழு மார்க் போடுவேன்.

"ரொம்ப நல்லது மாரீஸ்வரி," என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"சார்," என்றாள். "நான் பரீட்சைக்காகத்தான் வந்தேன். உங்க மேல கோவம் போகல."

வகுப்பு என்னைப் பார்த்தது.

"சரிம்மா. உக்காரு," என்றேன்.

உட்கார்ந்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, சாக்பீஸைத் தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

அதற்கும் முதலில் அவள்தான் கை தூக்கினாள்.